சயனைடு மேட்டின் மேல்

கோலார் தங்க வயல் என் ஊர் என்றதும் நண்பர்கள் திரைப்படக் கதையைத் தொடங்கிவிடுகிறார்கள். படத்தில் வராத ஒரு மாலைப்பொழுதை இங்கே சொல்கிறேன்.

சென்ற விடுமுறையில் வீட்டில் பெரிய வாக்குவாதம். பெங்களூருக்கே குடிபோய்விடலாம் என்றார் அப்பா. விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறி, இருட்டியபின் திரும்பும் அவருக்கு அலுத்துவிட்டது. தாத்தாவோ அசையமாட்டேன் என்றார். "நீயாவது சொல்லடா" என்று இருவருமே என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு சயனைடு மேட்டுக்கு நடந்தேன்.

சுரங்கப் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தபின் எஞ்சியதைக் கொட்டிக் கொட்டி எழுந்த மேடு அது. காற்றடித்தால் அந்தப் பொடி எங்கள் சோற்றிலும் நறநறக்கும்.

உச்சியில் நின்றேன். அப்பாவின் குரலும் தாத்தாவின் குரலும் அங்கே எட்டவில்லை. கீழே வரிசை வரிசையாக லயன் வீடுகள். துருவேறிய சுரங்கக் கோபுரங்கள். ராபர்ட்சன்பேட்டையில் ஒவ்வொன்றாக விளக்குகள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் அல்லவா! 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். காலத்தைக் கூவிச் சொன்ன சங்கும் ஓய்ந்தது.

நான் நின்ற உயரம் சில பனைமர அளவு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழமோ 3 கிலோமீட்டருக்கும் மேல். அந்த ஆழத்திலிருந்து வந்ததன் மேலல்லவா நிற்கிறேன்! தாத்தா உடைத்த பாறையும் என் காலடியில் எங்கோ பொடியாகக் கிடக்கும். பாறை வெடித்து வீடு அதிரும் நாள்களில், அவர் வரும்வரை பாட்டி வாசலிலேயே நிற்பாளாம். இவற்றை எண்ணியபடி நெடுநேரம் நின்றேன். மனத்திலிருந்த எரிச்சல் எப்போது அடங்கியது என்று தெரியவில்லை.

இரவு தாத்தாவிடம் கேட்டேன், "மேட்டு மேலே ஏறிப் பார்த்திருக்கீங்களா தாத்தா?"

"கீழே இறங்கவே பொழுது சரியாப் போச்சு. மேலே எங்கே ஏறுறது?"

மறுநாள் அழைத்துப் போனேன். பாதி மேட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். தாம் இறங்கிய சுரங்கக் கோபுரத்தை உடனே காட்டினார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "நம்ம வீடு எது?" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரிக் கூரைகள். இருவரும் சிரித்தோம். அப்பாவின் வண்டி வருவதற்குள், கோயிலிலிருந்து எண்ணியும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எண்ணியும் தேடிக்கொண்டிருந்தோம்.