மொய் எழுதி வாங்கும் பெயர்

எங்கள் மதுரைப் பக்கத்தில் மொய் நோட்டை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பீரோவில் வைப்பார்கள். வாங்கியதைத் திருப்பிச் செய்யாவிட்டால் உறவே கசந்துபோகும். ஆனால் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து ‘இவர் நல்ல மனிதர்’ என்று யாரும் முடிவுக்கு வருவதில்லை. 500 ரூபாய் எழுதியவர் தன் வீட்டுக்கு வந்த பழைய 500-க்குத்தான் எழுதியிருக்கிறார்.

மேலூர் ரோட்டில் வீட்டுமனை விற்கும் என் சித்தப்பாவின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன வருஷம் ஒருநாள் ஃபோன் பண்ணினார்.

“டேய், ஒருத்தர் நாப்பது ரியல் எஸ்டேட் சைட் வச்சிருக்காராம். அவங்க லிங்க்க நாம போட்டா, நம்ம லிங்க்க அவங்க போடுவாங்களாம். காசே கிடையாது. மொய் மாதிரிதான?”

“மொய் மாதிரிதான் சித்தப்பா. சிக்கலே அதுதான்.”

1998-இல் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்பைச் சிபாரிசாக எடுத்துக்கொண்டார்கள். நாலு பேர் மதிக்கிறவர் சொன்னால் அதற்குக் கூடுதல் எடை. சொல்கிறவருக்கு வேறு ஆதாயம் இல்லை என்ற நம்பிக்கையில் நின்ற கணக்கு அது.

அந்த நம்பிக்கையைக் கரைத்தவர்களில் அமெரிக்க வீட்டுத் தரகர்களும் உண்டு. ஒரு வீடு விற்றால் பெரிய கமிஷன். வேறு ஊர்த் தரகர் போட்டியாளரும் இல்லை. மாற்றிக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தார்கள். 2006 மே மாதம் கூகுள் பொறியாளர் மேட் கட்ஸ் ஒரு ரியல் எஸ்டேட் தளத்தைப் பற்றி எழுதினார். கூகுளில் 10,000 பக்கங்கள் இருந்த தளம், 80-க்கு வந்துவிட்டது. அவர் போய்ப் பார்த்தால், அங்கே கடன் அட்டைக்கும் உடற்பயிற்சிக் கருவிக்கும் இணைப்புகள். 2012 ஏப்ரலில் ‘பெங்குவின்’ என்ற மாற்றம் வந்து இப்படிப்பட்ட பல தளங்களைக் கீழே தள்ளியது. 2016-க்குப் பிறகு கூகுள் பெரும்பாலும் இந்த இணைப்புகளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

“அப்ப தண்டனை இல்லேல்ல? போட்டுப் பாத்தா என்ன?”

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அளவுக்கு மீறிய இணைப்பு மாற்றம் இன்றும் கூகுளின் விதிமீறல் பட்டியலில் இருக்கிறது. அங்கே ஓர் ஆள் நேரில் பார்த்து முடிவெடுத்தால் தேடலிலிருந்து தளமே காணாமல் போகலாம். அதைவிட எனக்குப் பயம் வேறொன்று. அந்த நாற்பதில் ஒன்று நாளைக்குக் கைமாறிச் சூதாட்டத் தளமாகிவிட்டால், நம் பக்கத்திலிருந்து அதற்குப் போகும் வழி அப்படியே திறந்திருக்கும். அவர்கள் தளத்தில் கிடக்கும் நம் பெயரை அழிக்கவும் அவர்களிடம்தான் கெஞ்ச வேண்டும். அதுவும் ஒருவகை வில்லங்கம்தான்.

“விக்கிறவனோட மச்சான் வந்து ‘இடம் சுத்தம்’னு சொன்னா நீங்க வாங்குவீங்களா?” என்று கேட்டேன்.

“30 வருஷ ஈசி பாக்காம நான் எவன் பேச்சையும் கேக்க மாட்டேன்.”

“கூகுளும் அப்படித்தான் சித்தப்பா.”

“வட்டி கட்டுறது நான்டா” என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். அவர் கோபம் பொய்யில்லை. கடன் வாங்கிப் போட்ட மனை. அழைப்பு வராத மாதத்திலும் வட்டி வரும்.

இணைப்பே கூடாது என்பதில்லை. அவருடைய மனைக்குக் கடன் தரும் கூட்டுறவுச் சங்கமோ, அங்கே வீடு கட்டும் பொறியாளரோ தங்கள் பக்கத்தில் அவர் பெயரைப் போட்டால் அது உள்ளபடியான உறவு. அதைக் கேட்டு வாங்கினோம். டிடிசிபி ஒப்புதல், ரெரா பதிவு எண், மனை வரைபடம், பட்டா மாற்றம் பற்றி எளிய விளக்கம், ஐப்பசி மழையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று காட்டும் படம் — எல்லாவற்றையும் தளத்தில் ஏற்றினோம். மழைப் படத்துக்குச் சித்தப்பா சம்மதிக்க இரண்டு வாரம் ஆனது.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திருமங்கலத்திலிருந்து ஒருவர் அழைத்தார். எடுத்தவுடன் கேட்டது விலையை அல்ல. “தண்ணி நிக்கிற படம் போட்டிருக்கீங்களே, அதுக்கு மேக்க உள்ள மனை இன்னும் இருக்கா?”