நடுவில் பிரியும் வில்

வில்லை முழுதாக இழுத்துப் பிடிக்கும்போது அதிகச் சுமை விழும் இடம் கைப்பிடிதான். நாணிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் பகுதி அது. இரண்டு முனைகளிலும் நாண் இழுக்கிற இழுப்பு நெம்புகோல் கணக்கில் பெருகி அங்கே வந்து சேர்கிறது. அந்த இடத்தில் போய் ரம்பத்தை வைக்கத் துணிச்சல் வேண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வடபாதியில், கிரேலிங் ஊருக்கு வெளியே பைன் மரங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பட்டறையில் அதுதான் அன்றாட வேலை.

வில் செய்கிறவர்களைத் தேடிக் கிரேலிங்குக்குப் போனதற்குக் காரணம் உண்டு. ஃப்ரெட் பேர் 1933இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய வில் தொழிலை 1947இல் இந்த ஊருக்குத்தான் கொண்டுவந்தார். 1978இல் நிறுவனம் ஃப்ளோரிடாவின் கெயின்ஸ்வில்லுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. கைப்பிடி தனி, மேல் லிம்ப் (வில்லின் வளையும் கை) தனி, கீழ் லிம்ப் தனி என்று மூன்றாகக் கழன்று, கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே பூட்டிக்கொள்ளும் வில்லை ஊரறியச் செய்தவர் அவர். ஆனால் அது முனைகள் முன்பக்கம் வளைந்த ரீகர்வ் வில். கனத்த கைப்பிடி, அதில் பூட்டு வைக்கத் தாராளமாக இடம். நான் பார்க்கப் போனது நெடுவில். ஹோவர்ட் ஹில் 1930களிலும் 40களிலும் பெயர் வாங்கிக் கொடுத்த, மூங்கில் பட்டைகளை அடுக்கி ஒட்டும் அமெரிக்க லாங்போ. அதன் கைப்பிடி குறுகலானது, ஆழமானது, விரல்களுக்குள் அடங்கிவிடுவது. அதில் துளை போட இடமே கிடையாது. இரண்டு துண்டு நெடுவில்லின் சிக்கல் முழுக்க இந்த ஒல்லியான கைப்பிடியில்தான் இருக்கிறது.

பட்டறையில் இரண்டே பேர். எழுபதைத் தாண்டிய பெரியவர் மரவேலைக்கு. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் இணைப்பு வேலைக்கு. அந்தப் பெண் முன்பு ஓ சேபிள் ஆற்றில் வாடகைக்கு விடும் கனூ படகுகளில் விரிசல் அடைத்துக்கொண்டிருந்தவர். கண்ணாடி இழைத் துணியையும் எபாக்ஸியையும் அங்கேதான் கைப்பழக்கம் ஆக்கிக்கொண்டார். இந்தக் கைப்பழக்கத்துக்கு என்ன மதிப்பு என்பது அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

ஏன் வில்லை இரண்டாக்க வேண்டும் என்று கேட்டால் முதலில் விமானம்தான் வருகிறது. அமெரிக்க விமான நிறுவனங்கள் பலவற்றில் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 62 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு நெடுவில்லின் நீளம் மட்டுமே 66, 68 அங்குலம். பாதியாகப் பிரித்தால் சூட்கேஸில் குறுக்காக வைத்துவிடலாம். பெரியவருக்கு அதைவிட முக்கியமான காரணம் வேறு. "ஆறடிக்கு முடிச்சும் முறுக்கும் இல்லாத ஓசேஜ் கட்டையை எங்கே போய்த் தேடுவீர்கள்? மூன்றரை அடி என்றால் கிடைக்கும்" என்றார். சுவரோரம் மஞ்சள் நிற ஓசேஜ் துண்டுகள் ஜோடி ஜோடியாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒரே கட்டையை நெடுக்காகப் பிளந்து எடுத்த இரட்டைத் துண்டுகள். இரண்டிலும் ரேகை ஒரே மாதிரி ஓடும் என்பதால் மேல் லிம்பும் கீழ் லிம்பும் ஒரே சுபாவத்தில் வளையும்.

நடுவில் ஒட்டுப்போட்ட வில் இரண்டாந்தரம் என்ற எண்ணம் நெடுவில்காரர்களிடம் இன்னும் இருக்கிறது. அது நியாயமில்லை. நல்ல யூ மரம் நீளமாகக் கிடைக்காதபோது, இரண்டு துண்டுகளின் அடிப்பகுதியை மீன்வாலாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்து ஒட்டுவது இங்கிலாந்தில் பழைய வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரைவண்டியில் எடுத்துப்போக வசதியாக, உலோகக் குழாயில் செருகிக் கழற்றும் வில்கள் அங்கே வந்தன. பிறகு அக்கிள்ஸ் அண்ட் போலக் நிறுவனத்தின் அப்போலோ எஃகு வில்களிலும் நடுவில் கழற்றும் வகை இருந்தது. மூட்டு என்பது வில்லின் வரலாற்றுக்கு வெளியே இருந்து வந்த ஒன்றல்ல.

பெரியவர் முதலில் எடுத்துக் காட்டியது எஃகுப் பூண். நீள்வட்ட வடிவில் இரண்டு குழாய்கள், ஒன்று மற்றொன்றுக்குள் நுழையும். ஒவ்வொன்றையும் ஒரு பாதியின் அடியில் எபாக்ஸி வைத்து நிரந்தரமாகப் பொருத்திவிடுகிறார்கள். நீள்வட்டம் என்பதால் லிம்ப் சுழன்று கோணலாகாது. வட்டக் குழாயில் அதற்கென்று தனியாகப் பின் வைக்க வேண்டும். மரம் ஈரத்தில் ஊதினாலும் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையிலான பொருத்தம் மாறாது. மழைக்காட்டிலும் கடலோரத்திலும் வில்லெடுப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். குறை, கனம். அந்தக் கனமே அம்பு விட்டதும் கையில் அடிக்கும் அதிர்வைக் குறைக்கிறது என்று அதை விரும்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எய்து பார்த்தபோது எனக்கும் அது தெரிந்தது. ஆனாலும் நெடுவில்லைக் கையில் எடுத்ததும் தெரிகிற அந்த லேசு போய்விடுகிறது. எனக்கு அது பெரிய இழப்பு.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு உடைந்த வில்லையும் எடுத்தார். வேறெங்கோ செய்து, உடைந்த பின் இவரிடம் வந்தது. எஃகுக் குழாயின் வாய் விளிம்பு கூராக இருந்திருக்கிறது. ஒவ்வொரு இழுப்பிலும் அந்த விளிம்பு வில்லின் வயிற்றுப் பக்க மரத்தை, அதாவது எய்கிறவரைப் பார்க்கும் பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கியிருக்கிறது. நசுங்கிய கோடு நகத்தால் தடவினாலே தெரிந்தது. எதிர்ப்பக்கத்தில், முதுகில், நார் நாராக மரம் பிய்ந்து நின்றது. பூணின் நீளமும் குறைவு. பூண் குட்டையாக இருந்தால் அதே வளைவுச் சுமையைத் தாங்க அதன் இரு விளிம்புகளும் அதிக விசையோடு முட்டுக்கொடுக்க வேண்டும். நீளம் பாதியானால் விசை இரட்டிப்பாகும், அதைத் தாங்கும் பரப்போ பாதியாகிவிடும். இந்தப் பட்டறையில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்து பூண் வைப்பதில்லை. விளிம்பை உள்பக்கமாக அரம் போட்டு உருட்டிவிட்ட பிறகே மரத்தை உள்ளே விடுகிறார்கள்.

கீல் வைத்த வில்லும் ஒன்று இருந்தது. கைப்பிடியின் முதுகுப் பக்கத்தில், அதாவது இலக்கைப் பார்க்கும் பக்கத்தில் கீல். வயிற்றுப் பக்கத்தில் இரண்டு பாதிகளும் முகத்தோடு முகம் முட்டி நிற்கும். நாணேற்றியதும் முதுகு இழுபடும், வயிறு அழுந்தும். அந்த அழுத்தமே மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பூட்டு வேண்டாம், எதுவும் தனியாகக் கழன்று தொலைந்து போகாது, இருட்டிலும் விரிக்கலாம். யோசித்தவர் யாராக இருந்தாலும் நல்ல மூளைக்காரர். ஆனால் கீலின் ஆணி முழு இழுவிசையையும் தாங்க வேண்டியிருப்பதால் கைப்பிடியில் உலோகத்துக்கு நிறைய இடம் விட வேண்டியிருக்கிறது, பிடி தடித்துவிடுகிறது. கைப்பிடிக்குள் தண்டும் குழியுமாக ஒளித்து வைக்கும் உலோக இணைப்புகளுக்கும் இதே கதைதான். வெளியே அழகு, உள்ளே மரத்தைக் குடைந்திருப்பார்கள். பிடி பருத்த, நவீன வடிவ நெடுவில்லுக்கு அவை பொருந்தும். ஹில் மாதிரி வில்லுக்கு நான் ஒப்பமாட்டேன்.

அந்தப் பெண் செய்வது கார்பன் இழைப் பூண். கடையில் விற்கும் பொருள் அல்ல. அந்தந்த வில்லின் மேலேயே வார்க்கப்படுவது. ஒட்டி எடுத்த வில்லைக் கைப்பிடியில் அறுத்து, இரண்டு முகங்களையும் தேய்த்துச் சமமாக்கி, ஒரு அச்சுப் பலகையில் முட்டவைத்துக் கட்டுகிறார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் இழுத்து, அது கைப்பிடியின் நடுவில் ஓடுகிறதா என்று பார்க்கிறார். தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால், திரும்பத் திரும்ப. பூண் நிரந்தரமாக ஒட்டவேண்டிய பாதியை உப்புத்தாளால் சொரசொரப்பாக்குகிறார். கழன்று வரவேண்டிய பாதியின் அடியை முடிவை நோக்கி ஒரு காகிதத் தடிமன் அளவுக்கு ஒல்லியாக்கி, மெழுகு பூசி, துடைத்து, மறுபடி பூசி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றுகிறார். பிறகு குழாய் வடிவில் பின்னிய கார்பன் இழைத் துணியை இரண்டு பாதிகளுக்கும் பொதுவாக மாட்டி, எபாக்ஸியில் நனைத்து, விரலால் நீவுகிறார். துணியின் கறுப்பு பளபளக்கத் தொடங்கும்வரை நீவல் நிற்பதில்லை. கடைசியில் சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி வைத்திருப்பதை எடுத்து இழுத்து இழுத்துச் சுற்றுகிறார். சுற்றச் சுற்ற மிகுந்த பசை ஓரங்களில் பிதுங்கி வழிகிறது. பூணுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் அங்கேதான் பின்னாளில் விரிசல் விழும் என்பதால் அந்த இறுக்கம்.

மறுநாள் ரப்பரை உரித்து, மரச்சுத்தியால் சுற்றிலும் மெல்லத் தட்டி, இருவரும் ஆளுக்கொரு பாதியைப் பிடித்து நேராக இழுத்தார்கள். திருகக் கூடாது, திருகினால் நீள்வட்டம் தேய்ந்துவிடும். 'பொப்' என்ற சத்தத்தோடு பிரிந்தது. உள்ளே காற்றுகூட எளிதில் புகாத அளவுக்குப் பொருத்தம் இருந்தால்தான் அந்தச் சத்தம் வரும். உலக்கைக்கும் அதன் பூணுக்கும் இருக்கும் உறவு இது. அந்தப் பூண் வேறு உலக்கைக்குச் சேராது.

"இனிமேல்தான் டில்லர் வேலை" என்றார் பெரியவர். மூட்டை முடித்த பிறகே வில்லைச் சுவரில் மாட்டி, கயிற்றால் கீழே இழுத்து, எந்த இடம் விறைப்பு, எந்த இடம் தளர்ச்சி என்று பார்த்துச் சீவுகிறார். பூண் நடுவில் ஐந்து அங்குலத்தை அசையாத பகுதியாக்கிவிடும். அந்த விறைப்பு இருக்கும்போதே லிம்புகளின் வளைவைச் சமன்படுத்த வேண்டும். இதனால்தான் கைப்பிடியும் சேர்ந்து வளையும் பழைய ஆங்கில வில்லை அவர் இரண்டு துண்டாகச் செய்து தருவதில்லை. கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வளையவேண்டிய இடத்தை விறைப்பாக்கினால் அந்தச் சுமை பக்கத்து மரத்துக்குப் போகும். பிடிவாதமாகக் கேட்டால் இரண்டு மூன்று அங்குலம் நீளம் கூட்டிச் செய்யலாம், ஆனால் அது வேறு வில் என்பார். தொழில் தெரிந்தவர் 'முடியாது' என்று சொல்லும் இடங்களுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

பட்டறைக்குப் பின்னால் வைக்கோல் கட்டுகளில் எய்து பார்த்தோம். கார்பன் பூண் வில்லையும் அதே அளவு ஒற்றைத்துண்டு வில்லையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மேலே தோல் சுற்றியிருந்தது. இழுப்பிலும் அம்பு பறப்பிலும் எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. பிடியில் மட்டும் ஒரு நூல் தடிமன் கூடுதலாக இருப்பதாகத் தோன்றியது. இந்த ஒல்லிக் கைப்பிடிக்கு இதைவிடப் பொருத்தமான இணைப்பை நான் பார்த்ததில்லை.

பராமரிப்பு என்று அதிகமில்லை. மணல்தான் முதல் எதிரி. ஒரு துகள் உள்ளே போனாலும் ஒவ்வொரு செருகலிலும் அறுக்கும், அதனால் செருகும் முன் இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும். அவ்வப்போது மெழுகு. அறுத்த முகத்தில் நார்நுனிகள் வழியே ஈரம் ஏறும் என்பதால் அதை எபாக்ஸியால் மூடியிருக்க வேண்டும். வார்னிஷ் பெயர்ந்தால் உடனே பூச வேண்டும். வருடங்கள் கழித்துத் தளர்ந்தால் செருகும் பாதியில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்துத் தேய்த்துப் பொருத்தத்தை மீட்கலாம்.

பூண் எந்தப் பாதியில் ஒட்டியிருக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. கீழ்ப் பாதியில் என்கிறார் பெரியவர்: கீழ்ப் பாதியைத் தரையில் ஊன்றி, மேல் பாதியை மேலிருந்து இறக்குவதுதான் கைக்குச் சுலபம். அப்படி வைத்தால் பூணின் வாய் வானத்தைப் பார்க்கும், மழைநீர் நேராக மூட்டுக்குள் இறங்கும் என்கிறார் அந்தப் பெண். படகு அடைத்தவருக்குத் தண்ணீர் போகும் வழி தெரியாமல் இருக்காது என்று தோன்றியது. 68 அங்குலம், 28 அங்குல இழுப்பில் 45 பவுண்டு, பூண் மேல் பாதியில் என்று எழுதி முன்பணம் கொடுத்தேன். பெரியவர் அந்த வரியைப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஓசேஜ் ஜோடிகளின் பக்கம் போய் நீளமான ஒன்றைத் தேடத் தொடங்கினார்.