வாரிசு இருக்க எதிரி எதற்கு?

என் மச்சினன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகஸ்தன். போன கோடையில் குடும்பத்தோடு பிரான்ஸுக்கு டூர் போனான். போகட்டும், நல்லா இருக்கட்டும். ஆனால் அங்கே லுவார் என்கிற ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் அரண்மனை ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, நாளைக்கு நாற்பது போட்டோ வீதம் வாட்ஸ்அப்பில் அனுப்பித் தள்ளிவிட்டான். பின்னணியில் கோட்டை, முன்னணியில் அவன் தொப்பை. இரண்டில் எது பெரிது என்று எனக்கும் என் மகனுக்கும் தினமும் விவாதம்.

என் மனைவி ஒவ்வொரு போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எங்கண்ணன் பிள்ளைங்க கொடுத்துவெச்சதுங்க" என்பாள். பெருமூச்சு என் பக்கமாகத் திரும்பி வரும்.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் அசல் விலை என்ன, தேய்மானம் என்ன என்று கணக்குப் போடுகிற ரகம். அந்தப் போட்டோக்களில் ஷாம்போர் என்று ஒரு அரண்மனை. 1519-ல் கட்ட ஆரம்பித்தது. அறைகள் மட்டும் 400-க்கு மேல். கட்டச் சொன்ன ராஜா முதலாம் பிரான்சுவா. முப்பது வருஷத்துக்கு மேல் ஆண்டவர், அதில் தங்கிய நாட்களையெல்லாம் கூட்டினால் மூன்று மாதம்கூடத் தேறாது! நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்துக்குக்கூட ஒரே சீஸனில் அதைவிட அதிக புக்கிங் உண்டு.

இதை மனைவியிடம் சொன்னேன். "அதுக்கு?" என்றாள். மேலே பேசவில்லை.

பத்திரிகைகளுக்கு எழுதிச் சம்பாதிக்கிற என் வரவைக் கூட்டி, செலவைக் கழித்துப் பார்த்தால், பெருங்குடி ஏர்போர்ட் வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் சார், கோட்டை பார்க்க பிரான்ஸ்தான் போகணுமா? மதுரையைச் சுற்றி வட்டம் போட்டால் அரண்மனைக்கும் கோட்டைக்கும் பஞ்சமா? வாடகைக் கார், மூன்று நாள், புளியோதரை என்று திட்டம் ரெடி. நான், மனைவி, எட்டாம் வகுப்பு மகன், ஆறு வயசு மகள். கூடவே எழுபத்து நாலு வயசு அப்பா.

அப்பா முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். "மொத நாள் மகால்" என்று சொன்னதும் என்ன நினைத்தாரோ, சட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து வண்டியில் உட்கார்ந்துவிட்டார்.

மதுரைக்காரனுக்கு ஒரு குணம் உண்டு. திருமலை நாயக்கர் மகாலுக்கு எப்படிப் போகணும் என்று யார் கேட்டாலும் வழி சொல்வான். உள்ளே மட்டும் போயிருக்க மாட்டான். என் மகனுக்கு மகால் என்றால் 'பம்பாய்' படத்தில் 'கண்ணாளனே' பாட்டு எடுத்த இடம், அவ்வளவுதான். உள்ளே போய் சொர்க்க விலாசத்துத் தூண்களை அண்ணாந்து பார்த்தவன், கால் மணி நேரத்தில் ஒரு சுற்று ஓடி முடித்துவிட்டு வந்து கேட்டான்:

"மீதி எங்கப்பா?"

நியாயமான கேள்வி. 1636-ல் கட்டிய அரண்மனையில் இப்போது நாம் பார்ப்பது ஏறக்குறைய கால் பாகம்தான். முக்கால் பாகத்தை யார் இடித்தது? சுல்தானா, வெள்ளைக்காரனா? இரண்டு பேரும் இல்லை. சொந்தப் பேரன்! திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, தாத்தா கட்டியதைப் பிரித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீடு மாறும்போது நாம் பல்பைக் கழற்றிக்கொண்டு போகிறோம் இல்லையா? அவர் தூணைக் கழற்றினார். தாத்தா கண்ணை மூடி பத்து வருஷம்கூட ஆகவில்லை. 1866-லிருந்து 1872 வரை மதராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்க ஏற்பாடு செய்திருக்காவிட்டால், இந்தக் கால் பாகமும் காணாமல் போயிருக்கும்.

"மீதியில கொஞ்சம் நீயும் பாத்திருக்க" என்று மகனிடம் சொன்னேன். விளக்குத்தூண் பக்கம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போவோமே, பத்துத்தூண் சந்து? கடைகளுக்கு நடுவே நிற்கிற அந்தப் பத்துத் தூண்களும் இதே அரண்மனையைச் சேர்ந்தவைதான். நவபத்கானா தெரு என்பது அரண்மனை வாத்தியக்காரர்கள் இருந்த இடத்தின் பெயர். ஊரைச் சுற்றி நின்ற கோட்டையும் இப்படித்தான் ஊருக்குள்ளேயே கரைந்தது. 19-ம் நூற்றாண்டின் முன்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை அகலமாக்கினார். வெளி வீதிகள் அப்படி வந்தவை. அந்த வேலையில் இருந்த மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பெயரில் இன்றைக்கும் வீதிகள் இருக்கின்றன. விளக்குத்தூணே பிளாக்பர்ன் ஞாபகார்த்தமாக வைத்ததுதான். கோட்டையைக் கட்டினவனை விட்டுவிட்டு, இடித்தவனுக்கு விளக்கு வைத்த ஊர் நம்ம ஊர்!

இவ்வளவையும் நான் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருக்க, அப்பா ஒரு தூணடியில் போய் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தாத்தா பாக்குறீங்க?" என்றான் பேரன்.

"இங்கிட்டுத்தாண்டா ஒன் பூட்டன் உக்காந்திருப்பாரு."

1970 வரைக்கும் ஜில்லா கோர்ட் இந்த மகாலில்தான் நடந்தது. எங்கள் பூர்வீகம் மேலூர் பக்கம் ஒரு கிராமம். அங்கே நடுவில் முற்றம் வைத்த ஓட்டு வீடு. என் தாத்தாவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் அந்த வீட்டை வைத்துப் பாகப்பிரிவினை வழக்கு. அரை டிராயர் போட்ட அப்பா, கேஸ் கட்டு ஒரு கையிலும் தூக்குச் சட்டி ஒரு கையிலுமாகத் தாத்தாவுக்குத் துணையாக வருவாராம். அண்ணனும் தம்பியும் ஒரே பஸ்ஸில் வருவார்கள். ஆளுக்கொரு தூணடியில் உட்காருவார்கள். சாயங்காலம் அதே பஸ்ஸில் பேசாமல் திரும்பிப் போவார்கள்.

"தீர்ப்பு என்ன தாத்தா?"

"ஆளுக்குப் பாதி. முத்தத்துக்கு நடுவுல சொவரு எழுப்பிட்டாங்க. பெரியப்பா பாதிய பெறகு வித்துட்டாக. வாங்குனவன் தூணையும் கதவையும் லாரில ஏத்திக்கிட்டுப் போனான். நான் ரோட்ல நின்னு பாத்தேன்."

அந்த மீதிப் பாதிதான் இப்போது எங்களுக்கு. எங்களுக்கு என்றால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும். தாத்தா போய் ஒன்பது வருஷமாகிறது. அந்த வீட்டு வாசலில் இரண்டு பூட்டு தொங்குகிறது. ஒன்று அப்பா போட்டது. இன்னொன்று சித்தப்பா போட்டது. ஒருத்தர் இல்லாமல் இன்னொருத்தர் திறக்க முடியாது. இரண்டு பேரும் சேர்ந்து வருவதில்லை. ஆகவே யாரும் திறப்பதில்லை. கரையானுக்கு மட்டும் பூட்டு ஒரு பொருட்டில்லை.

இரண்டாம் நாள் திருமயம். மேலூர், திருப்பத்தூர் வழியாகப் போனால் பாறை மேலே கோட்டை தூரத்திலேயே தெரிகிறது. ராமநாதபுரம் கிழவன் சேதுபதி 1687-ல் கட்டியது. ஊமையன் கோட்டை என்றும் பேர். பாதி வழியில் பாறையைக் குடைந்து ஒரு சிவலிங்கம், உச்சியில் பீரங்கி. பீரங்கி மேல் ஏறத் துடித்த என் மகளைக் கீழே இறக்குவதற்குள் எனக்கு ஒரு போரே முடிந்த மாதிரி ஆயிற்று. இந்தச் சேதுபதி கல்யாணம் செய்துகொண்டது காதலி நாச்சியாரை. அவருடைய சகோதரர் ரகுநாதத் தொண்டைமானுக்குப் புதுக்கோட்டைச் சீமையைத் தூக்கிக் கொடுத்தார். அதாவது மச்சினனுக்கு ஒரு சமஸ்தானம்! "பாத்தீங்களா" என்பது போல மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவசரமாகப் பீரங்கியைப் பார்த்தேன்.

அங்கிருந்து கானாடுகாத்தான் பக்கம்தான். தெருவுக்குத் தெரு அரண்மனை. முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல். ராஜாக்கள் வரி வாங்கிக் கட்டினார்கள்; நகரத்தார் கடல் கடந்து பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்திச் சம்பாதித்துக் கட்டினார்கள். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் புகுந்தான். அதன் பிறகு அங்கே இருந்த சொத்தெல்லாம் போயிற்று. பணம் வந்த வழி அடைபட்டது, வீடு மட்டும் நின்றது. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு வீட்டுக்கு எத்தனை பங்காளிகள்! ஒருத்தர் சென்னை, ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் அமெரிக்கா. ஓடு மாற்ற வேண்டும் என்றால் அத்தனை பேரும் சரி என்று சொல்ல வேண்டும். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கூடி வந்து கதவைத் திறக்கிற குடும்பங்களின் வீடுகள் நின்றுவிட்டன. மற்றவை எங்கே போயின என்று பார்க்க வேண்டுமானால் காரைக்குடியில் பழைய சாமான் கடைத் தெருவுக்குப் போக வேண்டும்.

போனோம். தூண், நிலை, கதவு, ஊஞ்சல், சாமி படம், பீங்கான் ஜாடி, பித்தளைக் கூஜா. ஒரு தேக்குத் தூணை அப்பா கையால் தடவிக்கொண்டே நின்றார்.

"இது எந்த ஊரு வீட்டுத் தூணு?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"தெரியாதுங்கய்யா. லோடு லோடா வரும். எல்லாம் கலந்துரும்."

அப்பா தூணிலிருந்து கையை எடுத்துவிட்டார். அதற்கப்புறம் திருப்பத்தூர் வரை யாரோடும் பேசவில்லை.

வண்டியில் என் மகள் மாமா அனுப்பிய போட்டோக்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "இது ஏன் தண்ணி மேல நிக்குது?" என்றாள். ஷெனோன்சோ என்கிற அரண்மனை அது. ஷேர் என்ற ஆற்றுக்குக் குறுக்கே பாலம் மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். படித்ததைச் சொன்னேன். 1789-ல் பிரான்சில் புரட்சி வந்தபோது பல பிரபுக்களின் அரண்மனைகளை ஜனங்கள் சூறையாடினார்கள். ஷெனோன்சோவில் அப்போது இருந்தது துபேன் என்கிற வயசான அம்மாள். 'இந்தப் பக்கத்தில் ஆற்றைக் கடக்க வேறு பாலம் கிடையாது, இதை இடித்தால் அக்கரைக்கு எப்படிப் போவீர்கள்?' என்ற வாதம்தான் அதைக் காப்பாற்றியது என்று சொல்வார்கள். முதல் உலக யுத்தத்தில் அதுவே காயம்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியாக இருந்தது. இரண்டாம் யுத்தத்தில் ஜெர்மன்காரன் பிடியிலிருந்து தப்பியவர்கள் அதன் வழியாக ஆற்றைக் கடந்தார்கள்.

பின் சீட்டிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"அப்ப, பாலமா இருந்ததால பொழைச்சிருச்சு?"

"ஆமாப்பா."

"ம்."

மூன்றாம் நாள் திண்டுக்கல். 1605-ல் மதுரை நாயக்கர் கட்டிய மலைக்கோட்டை. 1755-ல் ஹைதர் அலி வந்து தங்கிய இடம். காளையார்கோவிலில் 1772-ல் புருஷனைப் பறிகொடுத்த வேலு நாச்சியார், விருப்பாட்சி கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்து, ஹைதர் அலியின் உதவி வாங்கி, 1780-ல் சிவகங்கையைத் திரும்பப் பிடித்த கதையைப் படியேறிக்கொண்டே மகனுக்குச் சொன்னேன். எட்டு வருஷம் காத்திருந்து வீட்டை மீட்ட வாரிசும் இந்தச் சீமையில் இருந்திருக்கிறார். பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்க, மீதிக் கதையை அவனே எனக்குச் சொல்லி முடித்தான்.

அப்பா மலையேறவில்லை. முழங்கால் வலி, கீழேயே இருக்கிறேன் என்றார். நாங்கள் இறங்கி வந்தபோது அவர் இருந்த இடத்தில் இல்லை. பதறிப்போய்த் தேடினால், ஆட்டோவிலிருந்து இறங்குகிறார். கையில் ஒரு பொட்டலம்.

"பிரியாணியா தாத்தா?" என்று மகள் ஓடினாள்.

பிரியாணி இல்லை. பூட்டு. திண்டுக்கல் பூட்டு என்றால் சும்மாவா? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. கனமான பூட்டு ஒன்று, அதற்கு இரண்டு சாவி. ஒரு சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம், "ஒங்க சித்தப்பன் நம்பரைப் போடு" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். ஒன்பது வருஷத்துக்கப்புறம் பேசப்போகிறார்கள். மனைவி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள். எனக்கு மட்டும் பக்கத்திலேயே நிற்கணும் போல இருந்தது.

"நாந்தாண்டா... திண்டுக்கல்ல இருக்கேன்... மேலுக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு பூட்டு வாங்கியிருக்கேன். சாவி ரெண்டு... ஆமா, ஒனக்கு ஒண்ணு. பழைய ரெண்டையும் கழட்டிப்புடலாம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சித்தப்பாவின் குரல் போனைத் தாண்டி எனக்கே கேட்டது.

"மழைக்கு முன்னாடி ஓடு மாத்திரணும்ணே."

ஓடு மாற்ற எஸ்டிமேட் வந்துவிட்டது. கரையான் தின்ற சட்டங்களுக்குத் தனியாக ஒரு தொகை. கொத்தனார் சொன்ன தொகையைக் கேட்டதும் என் பி.காம். மூளை தேய்மானம் என்ன, அடக்க விலை என்ன என்று கூட்ட ஆரம்பித்தது. அப்பா நிமிர்ந்து பார்த்தார். நிறுத்திவிட்டேன். இந்தப் பொங்கலுக்கு அங்கேதான் பானை வைக்கிறோம். முற்றத்தில் நிற்கிற நடுச்சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் வெறும் தரைதான். இந்தப் பக்கத்தில் நாலு தூண் பாக்கி இருக்கிறது. மகனை எண்ணச் சொன்னேன், எண்ணி வைத்திருக்கிறான். நாளைக்கு அவன் மகன் கேட்டால் கணக்குச் சொல்ல வேண்டுமே.