நடவுக் குழுவும் முனைவர் பட்டமும்

தொழில் நிறுவன உளவியல் என்பது, வேலை செய்யும் இடத்தில் மனிதர்கள் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதையும், அவ்வாறு நடந்துகொள்ள அவர்களைத் தூண்டுவது எது என்பதையும் முறையான கவனிப்பாலும் அளவீட்டாலும் அறிய முயலும் துறையாகும். ஒரு வேலைக்கு எவரைத் தேர்ந்தெடுப்பது, அவரை எப்படிப் பயிற்றுவிப்பது, அவர் செய்த வேலையை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்னும் கேள்விகள் அத்துறையின் பழைய பாதியைச் சேர்ந்தவை. மேலாளரின் போக்கு, குழுவின் ஒற்றுமை, ஊதியத்தில் உணரப்படும் நியாயம், வேலையால் வரும் மனச்சோர்வு ஆகியவை பின்னர் வந்து சேர்ந்த பாதியின் பொருள்கள். ஹார்வர்டு பேராசிரியர் ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க் தொழில்திறனை உளவியல் நோக்கில் ஆராய்ந்த நூலை 1913இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இத்துறையின் முதல் முனைவர் பட்டமாகப் பெரும்பாலும் சுட்டப்படுவது, 1921இல் பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி தொழில்நுட்ப நிறுவனத்தில் புரூஸ் மூர் பெற்ற பட்டமாகும். ஆக, துறைக்கு வயது நூறுக்குச் சற்று மேல். அதன் பெரும்பகுதி ஆலைகளையும் அலுவலகங்களையும் பார்த்தே கழிந்திருக்கிறது.

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, பச்சைமலையும் கொல்லிமலையும் கண்ணுக்கெட்டும் தொலைவில் நிற்கும் துறையூரிலிருந்து ஒருவர் இப்படிப்பை மேற்கொள்ள விரும்பினால், அப்பெயரைத் தாங்கிய துறையை அருகில் தேடிக் களைத்துப்போக வேண்டியதில்லை. இந்தியாவில் இத்துறை சார்ந்த முனைவர் ஆய்வுகளிற் பெரும்பான்மை உளவியல், மேலாண்மை, சமூகப்பணி, வணிகவியல் என்னும் வேறு வேறு கூரைகளின் கீழேயே நடக்கின்றன. 1982இல் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகமும் அதனோடு இணைந்த திருச்சிக் கல்லூரிகளும், 2011இல் தொடங்கப்பட்ட இந்திய மேலாண்மை நிறுவனமும், துவாக்குடியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகமும் புலிவலம், மண்ணச்சநல்லூர் வழியே சத்திரம் பேருந்து நிலையம் வந்து சேரும் ஒருவருக்கு எட்டக்கூடியவையே. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வுக்காலம் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். பெண் ஆய்வாளருக்கு மேலும் 2 ஆண்டுகள் வரை தளர்வு உண்டு. ஆய்வு நெறிமுறை குறித்த பாடம் உள்ளிட்ட வகுப்புகளில் குறைந்தது 12 மதிப்பலகுகள் பெற வேண்டும். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவர் 2023 முதல் முதலிரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் பெறுகிறார். அது இல்லாதவர் பெரும்பாலும் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர ஆய்வாளராகப் பதிவுசெய்கிறார். மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு தேவைப்படுவது போல இத்துறையினர்க்குச் சட்டப்படியான உரிமம் எதுவும் தேவையில்லை.

இவையெல்லாம் வாசலைக் கடக்கும் வழிகள். கடந்த பின் எதை ஆராய்வது என்பதே ஆய்வாளரின் ஆறு ஆண்டுகளுக்கும் பொருள் தருவது.

திருச்சியில் உழைப்பை அளக்கும் முயற்சிக்குக் கசப்பான ஒரு வரலாறு உண்டு. தென்னிந்திய இரயில்வே கம்பெனி, நாகப்பட்டினம் முதலிய இடங்களில் இருந்த தன் பணிமனைகளைப் பொன்மலையில் ஒன்றுசேர்க்க முற்பட்டபோது, 3,000க்கும் மேற்பட்ட தொழிலாளரைக் குறைக்கத் திட்டமிட்டது. எவரை வைத்துக்கொள்வது, எவரை அனுப்புவது என்று முடிவுசெய்வதற்குத் தொழில்திறன் சோதனை ஒன்றையும் நடத்த முனைந்தது. அச்சோதனைக்கு உட்பட மறுத்த எதிர்ப்பும் ஆள்குறைப்பின் மீதான கோபமும் சேர்ந்தே 1928இன் பெரும் வேலைநிறுத்தத்துக்கு வழிவகுத்தன. சிங்காரவேலர் முதலிய தலைவர்கள் சிறைப்பட்டனர், வேலைநிறுத்தம் ஜூலை மாத இறுதிக்குள் ஒடுக்கப்பட்டது. ஒரு சோதனை, எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதையே அளக்க வேண்டும் என்பதை ஏற்புடைமை என்றும், மீண்டும் அளந்தாலும் ஏறத்தாழ அதே விடையைத் தர வேண்டும் என்பதை நம்பகத்தன்மை என்றும் பாடநூல்கள் விளக்குகின்றன. பொன்மலைத் தொழிலாளர் எழுப்பிய கேள்வி இவ்விரண்டுக்கும் முந்தியது: விடை எவர் கைக்குப் போகிறது, அதைக்கொண்டு என்ன செய்யப்போகிறார்கள்? இக்கேள்வியைத் தொழிற்சங்கக் கூச்சல் என்று ஒதுக்கும் ஆய்வாளர் தம் துறையின் பாதியை இழந்துவிடுகிறார். ஏனெனில் அளக்கப்படுபவர் அளப்பவரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது அளவீட்டுக்குள்ளேயே கலந்துவிடுகிறது.

இக்கலப்பை இன்றைய ஆய்வேடுகளிலும் காணலாம். 1960களில் செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியோடு திருவெறும்பூர் அருகே எழுந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை, இப்பகுதி ஆய்வாளர்க்கு நெடுங்காலமாகவே முதன்மையான களமாக இருந்து வருகிறது. பணித் திருப்தி, பணிவாழ்வின் தரம், மனஅழுத்தம், நிறுவனப் பற்று என்னும் தலைப்புகளில் அதன் பணியாளரை ஆராய்ந்த ஆய்வேடுகளை ஷோத்கங்கா மின்களஞ்சியத்தில் எவரும் தேடி எடுக்கலாம். இத்தகைய ஆய்வு பெரும்பாலும் ஒரே பாதையில் செல்கிறது: ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் வகுத்த முறைப்படி, முழுதும் ஏற்கிறேன் என்பதிலிருந்து முழுதும் மறுக்கிறேன் என்பது வரை ஐந்து படிகள் கொண்ட வினாநிரல், அமெரிக்காவில் உருவான அளவுகோல், மனிதவளப் பிரிவின் இசைவோடு விநியோகிக்கப்படும் தாள், பின் புள்ளியியல் அட்டவணைகள். மனிதவளப் பிரிவின் வழியாக வந்த தாளில், மேலதிகாரியிடம் மனக்குறை உள்ளவரும் குறையில்லை என்று குறித்துவிடுவது இயல்பு. இதை உளவியலார் சமூக விருப்பச் சார்பு, அதாவது பிறர் ஏற்கும் விடையைச் சொல்லும் போக்கு என்பர். தவிர, அதே ஆலையைச் சூழ்ந்து உலோகக் கட்டுமானச் சிறுதொழிற்கூடங்கள் நூற்றுக்கணக்கில் வளர்ந்து, 2010களில் அனல்மின் கொதிகலன்களுக்கான ஆணைகள் குறைந்தபோது ஆலையினும் முன்னே அடிபட்டன. அங்கே பற்றவைப்பு வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளர், நிரந்தரப் பணியாளர் அளவுக்கு ஆய்வேடுகளில் இடம்பெறவில்லை. பட்டியல் கையில் கிடைப்பவரை ஆராய்வது எளிது என்பதைத் தவிர இதற்கு வலுவான காரணம் தென்படவில்லை.

இக்குறை திருச்சிக்கு மட்டும் உரியதன்று. தொழில்முறைத் தகுதி பெற்ற, முறைசார் வேலையில் உள்ள, பாகுபாட்டிலிருந்து ஓரளவு பாதுகாப்புப் பெற்ற, வருவாய் மிகுந்த நாடுகளில் வாழும் உழைப்பாளரையே இத்துறை மிகுதியாக ஆராய்ந்திருக்கிறது என்று 2017இல் அலெக்சாண்டர் குளோஸ், ஸ்டூவர்ட் கார் முதலியோர் எழுதிய கட்டுரை இத்துறையின் உள்ளிருந்தே குற்றஞ்சாட்டியது. உலக உழைப்பாளரிற் பெரும்பாலோர்க்கு நியமன ஆணையும் இல்லை, மனிதவளப் பிரிவும் இல்லை. துறையூர் வட்டத்தின் அரிசி ஆலையில் மூட்டை சுமப்பவரும், சின்ன வெங்காயப் பட்டறையில் தாள் அறுத்துத் தரம் பிரிக்கும் பெண்களும் அந்தப் பெரும்பாலோரில் அடங்குவர்.

இந்தியாவில் இத்துறை வேறுவிதமாகவும் இயங்கியிருக்கிறது. விக்ரம் சாராபாய் 1947இல் அகமதாபாத்தில் நிறுவிய ஜவுளித் தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தில் மனித உறவுகளுக்கெனத் தனிப் பிரிவு இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற கமலா சௌத்ரி அதற்குத் தலைமை வகித்தார். 1953இல் இலண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ், காலிகோ ஆலைக் குழுமத்தின் ஜூபிலி ஆலையில் புதிய தானியங்கித் தறிகள் எதிர்பார்த்த உற்பத்தியைத் தராத காரணத்தை ஆராய்ந்தார். 224 தறிகளை 29 பேர் பார்த்துக்கொண்டனர். ஆனால் அவர்கள் 12 வகைத் தனித்தனி வேலைகளாகப் பிரிந்து கிடந்தனர், ஒரு தறி நின்றால் அது எவர் பொறுப்பு என்பது எவர்க்கும் தெளிவாக இல்லை. 64 தறிகளை 7 பேர் கொண்ட ஒரு குழு முழுப்பொறுப்போடு ஏற்கட்டும் என்னும் எண்ணம் முன்வைக்கப்பட்டதும், தொழிலாளரே மிக விரைவில் தமக்குள் கூடிப் பேசித் தம் குழுக்களை அமைத்துக்கொண்டனர். உற்பத்தி உயர்ந்தது, சேதம் குறைந்தது. இத்தகைய அமைப்பைத் தன்னாட்சிப் பணிக்குழு என்றும், எந்திர அமைப்பும் மனித அமைப்பும் ஒன்றையொன்று பொருந்த வடிவமைக்கப்பட வேண்டும் என்னும் கருத்தைச் சமூகத் தொழில்நுட்ப அணுகுமுறை என்றும் இன்று உலகப் பாடநூல்கள் கற்பிக்கின்றன. அதற்கு ஆதாரமான இரு களங்களில் ஒன்று இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கம், மற்றொன்று அகமதாபாத். 1970இல் ஆய்வாளர் எரிக் மில்லர் அதே ஆலைகளுக்குத் திரும்பிச் சென்று, ஒரு தறிக்கூடத்தில் அம்முறை பெருமளவு நிலைத்திருப்பதையும் மற்றவற்றில் தேய்ந்துபோனதையும் பதிவுசெய்தார். முதலில் கிடைத்த வெற்றியை எழுதியதோடு நில்லாமல், திரும்பிப் போய்ப் பார்த்ததாலேயே அந்த ஆய்வுத் தொடர் தனி மதிப்புப் பெறுகிறது.

இங்கேதான் துறையூர்க்காரருக்குப் பிறரிடம் இல்லாத ஒரு வளம் உள்ளது. ஏரிப்பாசனமும் கிணற்றுப்பாசனமும் உள்ள வயல்களில், ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நடவை ஒப்புக்கொண்டு, எத்தனை பேர் இறங்குவது, எந்த வயலை முதலில் முடிப்பது, உடல்நலம் குன்றியவருக்குப் பதில் எவரை அழைப்பது என்றெல்லாம் தாமே முடிவுசெய்து, மாலையில் கூலியைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் பெண்களின் குழுக்கள் உண்டு. ரைஸ் தறிக்கூடத்தில் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது நடவு வயலில் மேலாண்மை ஆலோசகர் எவரும் இல்லாமலே நிகழ்கிறது. இதைக் கிராமத்து ஒற்றுமை என்று புகழ்ந்துவிட்டு நகர்வது ஆய்வாகாது, கேள்விகள் கடினமானவை. தாம் செலுத்திய உழைப்புக்கும் பெற்ற பயனுக்கும் உள்ள விகிதத்தைப் பிறருடையதோடு ஒப்பிட்டே மனிதர்கள் நியாயத்தை உணர்கிறார்கள் என்று ஜே. ஸ்டேசி ஆடம்ஸ் 1960களில் வகுத்த சமன்மைக் கோட்பாடு கூறுகிறது. அப்படியானால் விரைந்து நடும் இளம்பெண்ணும் கைதளர்ந்த மூதாட்டியும் சமமான கூலி பெறும்போது அவ்விளம்பெண் அதை எவ்வாறு ஏற்கிறார்? குழுவில் தனித்தனி உழைப்பு கண்ணுக்குப் புலப்படாதபோது சிலர் தளர்ந்துவிடுவதை உளவியலார் சமூகச் சோம்பல் என்பர். வரிசையில் ஒருவர் பின்தங்கினால் உடனே தெரிந்துவிடும் நடவில் அதற்கு இடம் உண்டா? குழுவில் சேர்க்கப்படுவோரின் சாதி எல்லை எது, தலைமை ஏற்கும் பெண்ணுக்குக் கூடுதல் பங்கு உண்டா, முன்பணம் வாங்கியவர் அதனால் பேச்சுரிமை இழக்கிறாரா? இவற்றுக்கு விடை தேடும் ஆய்வு, ஆயிரம் தாள்களில் ஐந்து படிகளைக் குறிக்கச் செய்யும் ஆய்வினும் துறைக்குப் புதிதாகச் சொல்லக்கூடியது மிகுதி.

இந்திய அனுபவத்திலிருந்து கோட்பாடு பிறக்க முடியும் என்பதற்குப் பாட்னாவின் ஜெய் பி. பி. சின்ஹா சான்றாவார். பணியாளர்மீது பரிவு காட்டி, அதே வேளையில் வேலையையும் கண்டிப்போடு வாங்கும் அரவணைப்புப் பணித் தலைவர் என்னும் கருத்தை அவர் 1980இல் நூலாக்கினார். மேலைநாட்டுப் பங்கேற்புத் தலைமையை அப்படியே இங்கே நட்டுவிட முடியாது என்பது அவர் வாதம். அவருடைய முடிவுகளோடு எவரும் மாறுபடலாம், ஆனால் தம் மண்ணின் பணியிடத்தைப் பார்த்துக் கோட்பாடு எழுதும் துணிவை இளம் ஆய்வாளர் அவரிடம் கற்பது நல்லது.

இவ்வழியில் இறங்குபவர் முறையியலில் இரட்டிப்பு உழைப்பைத் தர வேண்டியிருக்கும். எழுத்தறிவு குறைந்தவரிடம் வினாநிரலை நீட்ட முடியாது என்பதால் நேர்காணலும் உடனிருந்து கவனித்தலும் முதன்மை பெறும். கடன்பெற்ற அளவுகோலைப் பயன்படுத்தினால், ஒருவர் தமிழாக்கியதை மற்றொருவர் மூலத்தைப் பாராமல் மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடும் மீள்மொழிபெயர்ப்பு முறை தேவைப்படும். அதே வினாத்தொகுதி இரு வேறு மக்களிடம் ஒரே பொருளை அளக்கிறதா என்று சரிபார்க்கும் அளவீட்டுச் சமநிலைச் சோதனையும் வேண்டும். இத்தகைய களத்துக்கு உடன்படும் நெறியாளரைக் கண்டடைவது எளிதன்று. மேலாண்மைத் துறையில் அது வேளாண் ஆய்வு எனவும், சமூகவியலில் உளவியல் எனவும் தட்டிக்கழிக்கப்படக்கூடும். எனவே பதிவுக்கு முன்பே நெறியாளரின் முந்தைய ஆய்வுகளைப் படித்து, அவரோடு களம் குறித்து வெளிப்படையாகப் பேசிவிடுவது, எந்த நிறுவனத்தின் பெயர் பட்டத்தில் இருக்கும் என்று கவலைப்படுவதைக் காட்டிலும் முக்கியமானது.

காலம் குறித்த நெருக்கடியும் உண்டு. நடவு இயந்திரங்கள் பரவி வருகின்றன, நேரடி நெல் விதைப்பும் கூடி வருகிறது. தறிக்கூடத்தில் குழுமுறை தேய்ந்ததை மில்லரால் பதினேழு ஆண்டுகள் கழித்துச் சென்றும் பதிவுசெய்ய முடிந்தது என்றால், ரைஸ் முன்பே எழுதி வைத்திருந்ததே அதற்குக் காரணம். துறையூர் நடவுக் குழுக்களுக்கோ ஒப்பிட்டுப் பார்க்க அத்தகைய முதல் ஆய்வு தேவை. இந்த ஆண்டு பதிவுசெய்யும் ஒருவர், வகுப்புகளை முதலாண்டில் முடித்துக்கொண்டால், விதி கூறும் குறைந்தபட்ச 3 ஆண்டுகளுக்குள்ளேயே இரண்டு சாகுபடிப் பருவங்களை ஒரே குழுவோடு வயலில் நின்று பார்க்கவும், முதற்பருவத்தில் கண்டதை அப்பெண்களிடமே தமிழில் படித்துக்காட்டி அவர்கள் திருத்துவதைக் கேட்டு, மறுபருவத்தில் அதைச் சரிபார்க்கவும் முடியும்.