வெள்ளி வயிறு

"என்ன உறுப்பு சார் வேணும்?"

வேளாங்கண்ணியில் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு கடை. மெழுகுவர்த்திக்கும் குட்டித் தொட்டிலுக்கும் நடுவே கை, கால், கண் எல்லாம் வெள்ளித் தகட்டில் பளபளத்தன.

"அப்பெண்டிக்ஸ் இருக்கா?"

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் வயித்துலயே அடக்கம் சார்."

வயிற்றை வாங்கினேன். வேண்டுதல் அம்மாவுடையது. அம்மாவுக்கு அன்றாடத்துக்குப் பிள்ளையார், ஆபத்துக்கு ஆரோக்கிய மாதா. டெல்டா பக்கம் இது சகஜம்.

ஆபத்து வந்தது லண்டனில். மனைவியை அவள் கம்பெனி அங்கே அனுப்ப, நான் 'டிபெண்டென்ட்' என்கிற பட்டத்தோடு பின்னாலேயே போனேன். விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் என்று ஒன்று கட்ட வேண்டும். 2024 பிப்ரவரியில் அதைத் தலைக்கு வருடம் 1,035 பவுண்டாக உயர்த்திவிட்டார்கள். நோய் வருமுன்பே வைத்தியச் செலவு! என் பி.காம். மூளை சமாதானம் சொன்னது: 'கட்டியாச்சு இல்லையா? சீக்கு வந்தா டாக்டர்கிட்ட போயிக்கலாம்.'

அங்கேதான் கோட்டை விட்டேன். அந்த ஊரில் சீக்கு வருவதற்கு முன்பே போக வேண்டும். வீட்டுப் பக்கத்தில் ஜி.பி. எனப்படும் பொது டாக்டரிடம் பேரைப் பதிய வேண்டும். பதியக் காசு கிடையாது. பெரிய டாக்டர்களைப் பார்க்கப் பெரும்பாலும் அவர் சீட்டு வேண்டும். நான் ஆறு மாதமாகப் பதியவில்லை. கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறவன் டாக்டரிடம் போய் என்ன பேசுவது?

ஒரு ராத்திரி தொப்புளைச் சுற்றி வலி. நம்மூராக இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் "அண்ணே, வயித்து வலி" என்றால் கலர் கலராக நாலு மாத்திரை கிடைக்கும். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் பாராசிட்டமால்தான் கிடைத்தது. அதுவும் 1998-ல் வந்த விதிப்படி அட்டைக்கு 16 மாத்திரை. இரண்டு அட்டைக்கு மேல் தர மாட்டேன் என்றாள் கல்லாவில் இருந்த பெண்.

மறுநாள் வலி வலதுபக்கம் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டது. கிளினிக்குக்குப் போனேன். "பேர் பதிந்திருக்கிறதா?" என்று கேட்டு பாரம் நீட்டினார்கள். 'ரொம்ப வலிக்குது' என்று சொல்லியிருக்கலாம். கௌரவம்! பாரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

மனைவிதான் 111-க்குப் போன் செய்தாள். எத்தனை கேள்விகள்! கடைசியில், உடனே எமர்ஜென்ஸிக்குப் போங்கள் என்றார்கள். அங்கே முதலில் வந்தவருக்கு முதலில் என்கிற நியாயம் செல்லாது. உயிர் யாருக்கு அவசரமோ அவர்தான் முதலில். விரலில் கட்டோடு எனக்கு முன்பே வந்தவரைத் தாண்டி என்னை உள்ளே கொண்டுபோனபோதுதான் பயமே வந்தது.

அன்றிரவே ஆபரேஷன். இன்னும் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்றார், அறுத்தெடுத்த டாக்டரம்மா. சின்ன வயசு.

டிஸ்சார்ஜ் அன்று வார்டு வார்டாகக் கேஷ் கவுண்ட்டரைத் தேடினேன். அப்படி ஒன்றே இல்லையாம். நர்ஸ் சிரித்தாள்.

இந்தக் கதையைப் பஸ்ஸிலேயே அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பழைய மாதா குளம் போகும் மணல் பாதையில், வெயிலில் சிலர் முழங்காலால் நடந்துகொண்டிருந்தார்கள். அம்மா அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கடைக்குத் திரும்பினாள்.

"தம்பி, ஒரு கையும் குடுங்க."

"கைக்கு என்னம்மா?"

"நீதான் காசே குடுக்கலைன்னியே. அந்தப் பொண்ணு கை நல்லா இருக்கட்டும்டா."