வில்பட்டி போர்டு போட்ட பஸ்

இந்த வாரம் பூண்டு இல்ல, பஸ். மழை விடல, தோட்டத்துல காலை வச்சா மண்ணு செருப்போட வருது. அதனால தம்பி மகன் கூட உக்காந்து ஒரு வேலை கத்துக்கிட்டேன்.

பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியான்னு ஒரு கேம். அந்த நாட்டுல மாலியோங்கிற கம்பெனி 2017ல விட்டது. எங்க தெருப் பசங்க எல்லாரும் இதுலதான் கிடக்காங்க. காரணம் இருக்கு. அங்கயும் நம்மள மாதிரி ரோட்டுக்கு இடது பக்கம்தான் வண்டி போகும், ஸ்டியரிங் வலது பக்கம். நம்ம பஸ்ஸைக் கொண்டுபோய் வச்சா அப்படியே பொருந்துது. வெளியாளுங்க செஞ்ச வண்டியை உள்ள ஏத்திக்கவும் கம்பெனியே வழி விட்டிருக்கு. அப்படி ஏத்துறதுக்குப் பேருதான் மோட். அரசு பஸ், ஆம்னி பஸ், லாரின்னு நம்ம பசங்க செஞ்சு யூடியூப்ல போட்டுக்கிட்டே இருக்காங்க.

தம்பி அரசு பஸ் டிரைவர். டூட்டி மலைக்குக் கீழ. வாரத்துல ஒரு நாள் வீட்டுக்கு வந்தா பெரிசு. அப்பா ஓட்டுற பஸ்ஸை ஓட்டணும்னு பையனுக்கு ஆசை. "பெரியப்பா, போனைக் கொஞ்சம் தாங்க"ன்னு வந்தான்.

முதல்ல அவன் தேடி எடுத்தது மோட் இல்ல, மோட் ஏபிகே. பேரு ஒண்ணு மாதிரி இருக்கும், சமாச்சாரம் வேற. மோட் கேமுக்குள்ள போற ஒரு ஃபைல், அவ்வளவுதான். மோட் ஏபிகேங்கிறது யாரோ கேமையே பிரிச்சு, காசு வரம்பில்லாம வர்ற மாதிரி மாத்திக் கட்டினது. போட்டவுடனே எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டுச்சு. பஸ் ஓட்ட எஸ்எம்எஸ் எதுக்கு? வடுகபட்டியில பூண்டு வித்த காசு இந்த போன் நம்பர்ல இருக்குற கணக்குலதான் கிடக்கு, பேங்க் ஓடிபியும் இதுலதான் வருது. வேண்டாம்னு அழிச்சிட்டேன். ரெண்டு நாள் எங்கூடப் பேசல. மூணாம் நாள் பீரோவுல கிடந்த பழைய போனை, சிம் இல்லாம, அவன் கையில குடுத்தேன்.

இனி வேலை. கேமை ப்ளே ஸ்டோர்ல இருந்து மட்டும் எடுங்க. ஒரு தடவை திறந்து மூடுங்க. மோட் பெரும்பாலும் ஜிப்பா வரும். டவுன்லோட் பக்கத்துல நாலு பச்சை பட்டன் இருக்கும், மூணு விளம்பரம். ஜிப்புக்குப் பாஸ்வேர்டு கேட்டா பதறாதீங்க, வீடியோவுக்கு நடுவுல எங்கயாவது ஒளிச்சு வச்சிருப்பாங்க. முழுசாப் பாக்க வைக்கிற தந்திரம்! பிரிச்ச ஃபைலை கேம் பேர்ல இருக்குற ஃபோல்டருக்குள்ள மோட்ஸ்ங்கிற இடத்துல போட்டா, கேமுல கராஜுக்குப் போனதும் வண்டி நிக்கும். எங்க பழைய போன்ல இப்படி. ஆண்ட்ராய்டு 11க்கு மேல சில ஃபோல்டரைச் சாதாரணமா திறக்க விடாது, அதனால வீடியோ பாக்கும்போது உங்க போன் வகைக்கு உள்ளதானான்னு பாத்துக்குங்க.

கேம் பழசு, மோட் புதுசுன்னா வண்டி வராது, இல்லன்னா கேமே மூடிக்கும். பேரிக்காய்க்கு ஒட்டுக் கட்டுற மாதிரிதான், அடிக்கட்டைக்கு ஒத்துப்போகலன்னா பிடிக்காது. ஒண்ணொண்ணா ஏத்திப் பாருங்க. பத்தை ஒண்ணா ஏத்தினா எது கெடுத்துச்சுன்னு தெரியாது.

வண்டிக்குப் பெயிண்டு தனி. லிவரிம்பாங்க. அது ஒரு பிஎன்ஜி படம். ஒரு மாடல் லிவரியை இன்னொரு மாடலுக்குப் போட்டா ஜன்னல் மேல எழுத்து ஓடும். வாட்ஸ்அப்புல அனுப்பினா டாக்குமெண்டா அனுப்பணும். போட்டோவா அனுப்பினா அமுக்கிக் கெடுத்துடும்.

நாங்க எடுத்த பஸ்ஸுல ஊர்ப் போர்டும் அந்தப் படத்துக்குள்ளயே இருந்துச்சு. ஏதோ ஊர் பேரு. அழிச்சிட்டு "வில்பட்டி"ன்னு எழுதவே பையனுக்கு ஒரு முழு ராத்திரி ஆச்சு. முதல் தடவை எழுத்து தலைகீழா வந்துச்சு, பாட்டி கூட சிரிச்சுது. ரெண்டாவது தடவை சரியா உக்காந்துச்சு. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினோம். டிப்போவுல இருந்து ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டான்.

"எல்லாம் சரிடா, முன்கண்ணாடியில பட்டையும் பொட்டும் எங்க?"

பையன் இப்ப அதைத்தான் வரைஞ்சுக்கிட்டு இருக்கான்.