மத்தியதரைக் கடலில் தனிப் பந்தி (பகுதி 4)

பார்சலோனாவில் கப்பலேறி ஒரு மணி நேரம் ஆகவில்லை. பெட்டிகள்கூட கேபினுக்கு வந்து சேரவில்லை. அதற்குள் எங்களிடம் மூன்று இரவுச் சாப்பாட்டை விற்றுவிட்டார்கள்.

டிக்கெட்டில்தான் சாப்பாடு சேர்த்தியாயிற்றே என்று கேட்பீர்கள். சேர்த்திதான். இரண்டு தளங்களை அடைத்துக்கொண்டு பெரிய டைனிங் ஹால் இருக்கிறது, மேல்தளத்தில் காலை முதல் இரவு வரை பஃபே நடக்கிறது, நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் பீட்சா கிடைக்கிறது. எதற்கும் தனிக்காசு இல்லை. ஆனால் அதே கப்பலில் தனிக் கட்டண உணவகங்களும் இருக்கின்றன. எங்கள் கப்பலில் ஒரு ஸ்டேக்ஹவுஸ், ஒரு ஜப்பானிய டெப்பன்யாகி, ஒரு இத்தாலிய உணவகம். மூன்றிலும் ஒவ்வொரு இரவு சாப்பிட ஆளுக்கு நூறு யூரோவுக்குச் சற்று மேல், நம் பணத்தில் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாது. லிஃப்ட் வாசலில் மேஜை போட்டு ஒரு இளம்பெண் விற்றுக்கொண்டிருந்தாள். "எல்லாம் சேர்த்துதானா?" என்று கேட்டேன். "எல்லாம் சேர்த்துதான்" என்றாள். என்னோடு வந்த அக்கா சுத்த சைவம் என்பதையும் சொன்னேன். "பிரச்சினையே இல்லை" என்று படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் செய்து, என் கேபின் கார்டை இயந்திரத்தில் வைத்து எடுத்தாள். கப்பலுக்குள் பணம் என்று எதையும் கண்ணால் பார்ப்பதில்லை. கார்டை நீட்டினால் கணக்கில் ஏறிவிடும், கடைசி நாளில்தான் தொகை தெரியும்.

வாங்க வைத்தது அன்று மதியம் பார்த்த பஃபேதான். உணவில் குறை சொல்ல மாட்டேன், வகை வகையாக இருந்தது. சாப்பிட்ட மனிதர்களைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. தட்டு நிறைய இறால், மேலே கேக், பக்கத்தில் பாஸ்தா என்று அள்ளிக்கொண்டு வந்து, பாதியை அப்படியே விட்டு எழுந்துபோகிறார்கள். அக்கா வள்ளலார் வழியில் நடப்பவள். எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத வடலூரில், 1867-இல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் பசித்தவர்களுக்குச் சோறு வடிக்கிறது. அந்த வாசலில் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவள், குப்பைக்குப் போகும் தட்டுகளைப் பார்த்து, "என்னடி இது, கேட்பாரே இல்லையா?" என்று கண் கலங்கிவிட்டாள்.

பஃபே வாசலில் வரிசையாகக் கை கழுவும் தொட்டிகள் வைத்திருந்தது மட்டும் எனக்குப் பிடித்தது. கப்பலில் வாந்தி பேதி பரப்பும் நோரோவைரஸுக்கு, பாட்டிலில் அழுத்தித் தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால் திரவம் போதாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். ஒரு ஊழியர் வாசலிலேயே நின்று எல்லோரையும் கழுவச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் கண்டுகொள்ளாமல் உள்ளே நடந்தவர்கள் ஏராளம். அவர்கள் தொட்ட கரண்டியைத்தான் அடுத்தவர் தொட வேண்டும்.

கப்பலில் கூடுதல் பணம் கட்டித் தனியாகச் சாப்பிடும் வழக்கம் புதிதில்லை. ஹாம்பர்க்-அமெரிக்கா கம்பெனியின் 'அமெரிக்கா' என்ற கப்பல் 1905-இல் ஓடத் தொடங்கியபோதே அதில் ரிட்ஸ்-கார்ல்டன் என்ற பெயரில் ஓர் உணவகம் இருந்தது. கம்பெனியை நடத்திய ஆல்பர்ட் பாலின், லண்டன் கார்ல்டன் ஓட்டலில் சாப்பிட்டு மயங்கி, அங்கிருந்த சமையல் மேதை எஸ்கோஃபியேயின் துணையோடு அதை அமைத்தாராம். டைட்டானிக்கிலும் அப்படி ஒன்று உண்டு. லூயிஜி காட்டி என்ற இத்தாலியர் நடத்தினார். முதல் வகுப்புப் பயணிகள் அங்கே விலை கொடுத்துச் சாப்பிட்டார்கள். அவரிடம் வேலை செய்தவர்கள் அறுபதுக்கும் மேல், பெரும்பாலும் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும். 1912 ஏப்ரலில் கப்பல் மூழ்கியபோது அவர்களில் மூன்று பேர்தான் பிழைத்தார்கள். காட்டியும் இறந்துபோனார். இதைப் படித்த பிறகு, பரிமாறுகிறவர் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுப்பதில்லை.

மார்சேயை விட்டுக் கிளம்பிய இரவு டெப்பன்யாகி. நம்மூர்த் தோசைக்கல்லை மேஜை அளவுக்குப் பெரிதாக்கி, மூன்று பக்கமும் ஆட்களை உட்காரவைத்தது மாதிரி இருந்தது. எட்டுப் பேர் ஒரு கல்லைச் சுற்றி உட்கார்ந்தோம். எதிரே ஒரு ஸ்பானியக் குடும்பம், குழந்தைகளோடு. 1945-இல் கோபே நகரத்து மிசோனோ என்ற கடையில் பிறந்த சமையல் இது. 1964-இல் நியூயார்க்கில் பெனிஹானா திறந்த பிறகுதான் உலகம் முழுக்க வேடிக்கைக் காட்சியாகப் பரவியது. எங்கள் சமையல்காரர் பிலிப்பைன்ஸ்காரர். முட்டையைத் தூக்கிப்போட்டுத் தொப்பியில் பிடித்தார். வெங்காய வளையங்களை அடுக்கி, நடுவில் எண்ணெய் விட்டு, எரிமலைபோலத் தீ எழுப்பினார். குழந்தைகள் கூச்சலிட்டன. அக்காவும் கைதட்டினாள்.

அடுத்து அதே கல்லில் மாட்டிறைச்சி, கோழி, இறால் எல்லாம் இறங்கின. பக்கத்தில் ஒரு சாண் இடம் விட்டு அக்காவுடைய டோஃபுவும் காய்களும். கொழுப்பு உருகி ஓடி வந்து டோஃபுவைத் தொட்டது. அக்கா தட்டை மெதுவாகத் தள்ளிவைத்தாள். "அந்தக் கல்லுல வேண்டாம்டி. நீ சாப்பிடு."

சமையல்காரர் உண்மையாகவே வருந்தினார். வேறு கல் கேட்டேன். மேற்பார்வையாளர் வந்தார். "இவ்வளவு சூட்டில் எந்தக் கிருமியும் இருக்காது, சுரண்டித் துடைத்துத் தருகிறோம்" என்றார். கிருமியைப் பற்றி நாங்கள் பேசவில்லை என்றேன். சைவ உணவு தருவதாகத்தான் சொன்னோம், தனிக் கல் தருவதாகச் சொல்லவில்லை என்று பதில் வந்தது. மீசோ சூப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் அடிச்சாறு மீனில் எடுப்பது வழக்கமாயிற்றே, இதில் எப்படி என்று கேட்டேன். அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. அக்கா வெறும் வெள்ளைச் சோற்றையும் ஆரஞ்சுச் சுளைகளையும் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள். அன்றிரவு எனக்கு இறால் இறங்கவில்லை.

ஜெனோவாவில் மழை. சிவிட்டவெக்கியாவில் இறங்கி, ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் போய் ரோமைப் பார்த்தோம். வெயிலும் வரிசையும்தான் நினைவில் இருக்கின்றன.

நேப்பிள்ஸில் மதியம் அக்காவின் முகம் மலர்ந்தது. அங்கே மரினாரா என்று ஒரு பீட்சா. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். சீஸ் கிடையாது. விறகடுப்பில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்து, ஓரம் உப்பிக் கருகிய புள்ளிகளோடு வந்தது. இந்த ஊர் பீட்சாக்காரர்களின் கைத்தொழிலை 2017-இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. விலை ஐந்து யூரோ. சுவரில் பெரிதாக எழுதிப் போட்டிருந்தது. சாப்பிட்டோம், ஐந்து யூரோ கொடுத்தோம், வெளியே வந்தோம்.

அன்றிரவு கப்பலின் இத்தாலிய உணவகத்தில் எங்களுக்கு மேஜை. "நான் வரல, பஃபேல பழம் சாப்பிட்டுக்கறேன்" என்றாள் அக்கா. காசு கட்டியாயிற்றே என்று வற்புறுத்தித்தான் அழைத்துப்போனேன்.

நாற்பது பேர் உட்காரக்கூடிய சின்ன அறை. வெள்ளைத் துணி விரித்த மேஜைகள், பக்கத்து மேஜைப் பேச்சு காதில் விழாத இடைவெளி, சன்னலுக்கு வெளியே இருண்டுகொண்டிருந்த வளைகுடா. எங்களுக்குப் பரிமாற வந்தவர் கோவாக்காரர். நடுவயது, நரைத்த கிருதா. மெனுவில் பச்சை இலைக் குறி போட்டிருந்த ரிசோட்டோவைக் காட்டி, இது அக்காவுக்கு என்றேன். அவர் எழுதவில்லை. பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டு, அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "அம்மா, நீங்கள் முட்டை சாப்பிடுவீர்களா?"

"மாட்டேன்."

"மீன், கறி எதுவும் படக்கூடாது, இல்லையா?"

"கூடாது."

"அப்படியானால் இந்த இலைக் குறியை நம்பாதீர்கள். நான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்."

சொன்னார். ரிசோட்டோவில் விடும் சாறு சில நாள் காய்கறிச் சாறு, சில நாள் கோழிச் சாறு. இன்றைக்கு எது என்று உள்ளே போய்க் கேட்டால்தான் தெரியும். மேலே துருவும் பார்மஜானோ சீஸை உறையவைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட். துளசி மாதிரி மணக்கும் பெஸ்தோவிலும் அதே சீஸ். காய்கறி சூப்பான மினஸ்ட்ரோனேவைத் தாளிக்கும்போது பன்றிக் கொழுப்பு போடுவதுண்டு. பன்ன கோத்தா என்ற பாலினிப்பில் ஜெலட்டின். கையால் பிசைந்த பாஸ்தாவில் முட்டை. கட்டிக் கோதுமையில் செய்து உலர்த்திய பாஸ்தாவில் மட்டும் முட்டை இல்லை.

அந்தக் கப்பலில் எனக்கு அதுவரை எல்லோரும் "பிரச்சினையே இல்லை" என்றுதான் சொல்லியிருந்தார்கள். பிரச்சினை எங்கே இருக்கிறது என்று உட்காரவைத்துச் சொன்ன முதல் ஆள் இவர். எந்த ஊராக இருந்தாலும், விருந்தாளிக்கு இலை போடுகிறவனின் முதல் கடமை இதுதான் என்று நான் நம்புகிறேன். தட்டில் என்ன இருக்கிறது, அதற்கு என்ன விலை, இரண்டையும் வாயில் வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கால் மணி நேரம் உள்ளே போய்விட்டு, வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவரோடு வந்தார். கொல்லத்துக்காரர். மலையாளமும் தமிழும் கலந்து, "சேச்சி, ஒரு அர மணிக்கூர் தரணும்" என்றார். தனிக் கட்டண உணவகத்தின் பெருமை இந்த அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. பெரிய ஹாலில் ஒரே வேளையில் ஆயிரம் பேருக்குப் பரிமாற வேண்டும். அங்கே எல்லாம் முன்கூட்டியே தயாராகித் தட்டுகளில் அடுக்கப்படுகிறது. ஒருவருக்காக ஒரு வாணலியைக் கழுவ யாருக்கும் நேரமில்லை. இங்கே நாம் கேட்ட பிறகுதான் அடுப்பில் ஏறுகிறது. அடுப்பென்றால் தீ இல்லாத மின்னடுப்பு. நடுக்கடலில் தீயைப்போலப் பயங்கரம் வேறில்லை என்பதால் எங்கள் கப்பலில் காஸ் அடுப்பே கிடையாதாம்.

எனக்கு முதலில் வந்தது ப்ராஞ்சினோ என்ற மீன். முழு மீனைக் கல்லுப்புக்குள் புதைத்துச் சுட்டு, மேஜைக்குப் பக்கத்திலேயே உப்புப் பாளத்தைக் கரண்டியால் தட்டி உடைத்து, முள் நீக்கித் தந்தார்கள். எலுமிச்சையும் எண்ணெயும் தவிர மேலே எதுவும் இல்லை. சதை அப்படியே இதழ் இதழாகப் பிரிந்தது.

பிறகு அக்காவுக்கு வந்தது. புதுத் தண்ணீரில் வேகவைத்த ஸ்பகெட்டி, பூண்டையும் மிளகாய் வற்றலையும் ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாக்கிப் புரட்டியது. அவனில் சுட்ட கத்தரிக்காய். அவற்றோடு மூடி போட்ட ஒரு சின்னக் கிண்ணம். திறந்ததும் மிளகும் பூண்டும் மணந்தன. தக்காளி ரசம்! ஊழியர்களுக்கான மெஸ்ஸில் தினமும் சோறும் பருப்பும் உண்டாம், அங்கிருந்து ஒரு கிண்ணம் சோறும் எடுத்து வந்திருந்தார். அக்கா ஸ்பகெட்டியைச் சாப்பிட்டாள், கத்தரிக்காயைச் சாப்பிட்டாள், கடைசியாகச் சோற்றில் ரசம் விட்டுப் பிசைந்து, கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டுக் கையாலேயே சாப்பிட்டாள். பக்கத்து மேஜைக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கொல்லத்துக்காரர் மறுபடி வந்தபோது, வீட்டில் யார் யார் என்று அக்கா விசாரித்தாள். மகள் பத்தாம் வகுப்பு. கப்பலேறினால் திரும்ப ஏழெட்டு மாதம் ஆகும், ஓணத்துக்கு வீட்டில் இருந்து வருடங்கள் ஆயிற்று என்றார். நான் பத்து யூரோ நோட்டை நீட்டினேன், இருவருமே வாங்கவில்லை. பணத்தைவிட, மேஜையிலிருக்கும் கருத்து அட்டையில் எங்கள் பெயரை எழுதுங்கள், அடுத்த ஒப்பந்தத்துக்கு உதவும் என்றார் கோவாக்காரர். அட்டையின் இரண்டு பக்கமும் நிரம்ப எழுதினேன்.

மெஸ்ஸினாவையும் மால்டாவையும் தாண்டிக் கடைசி நாளுக்குப் போய் இந்தக் கதையை முடித்துவிடுகிறேன். ஸ்டேக்ஹவுஸில் நான் சால்மன் சாப்பிட்டேன், அக்கா சுட்ட உருளைக்கிழங்கு சாப்பிட்டாள். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. இறங்கும் நாள் விடிகாலையில் கணக்கு வந்தது. மூன்று இரவுக்கும் 18 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் தனியாக. கேட்காமலேயே மேஜையில் திறந்து ஊற்றிய தண்ணீர்ப் பாட்டில்களுக்கும் விலை.

ரிசப்ஷனில் நீள வரிசை. என் முறை வந்ததும், "எல்லாம் சேர்த்து என்றார்களே" என்றேன். படிவத்தின் அடியில் எறும்பளவு எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். "விற்றபோது வாயால் சொன்னார்களா? தண்ணீர் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? சைவம் என்று எழுதி வாங்கிக்கொண்டு வெறுஞ்சோறு போட்ட இரவுக்கு எதற்குச் சேவைக் கட்டணம்?" என்று கேட்டேன். சத்தம் போடவில்லை, நகரவும் இல்லை. பின்னால் நின்ற ஓர் ஆங்கிலேய மூதாட்டி, தன் கணக்கிலும் அதே தண்ணீர் ஏறியிருப்பதாகச் சொல்லி என் பக்கத்தில் வந்து நின்றார். மேலாளர் உள்ளேயிருந்து வந்தார். தண்ணீர்க் காசை இருவருக்கும் நீக்கினார். டெப்பன்யாகியில் அக்காவின் பங்கை முழுதாகத் திருப்பித் தந்தார். மற்ற இரண்டு இரவுகளின் 18 சதவீதம் அப்படியே நின்றது. கட்டினேன். இத்தாலிய உணவகத்துக்கானதை மனமுவந்து கட்டினேன். ஸ்டேக்ஹவுஸுக்கானதைக் கட்டியதில் இன்றும் எனக்கு உடன்பாடில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் முதல் நாளே மொத்தத் தொகையை, சேவைக் கட்டணம் உட்பட, எழுதி வாங்குங்கள். உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் விற்பனை மேஜையில் சொல்வதோடு நிற்காமல், அந்தந்த உணவகத்துக்கே பகலில் போய்த் தலைமைப் பரிமாறுநரிடம் நேரில் பேசுங்கள்.

அடுத்த பகுதியில் மால்டா. அங்கே ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, மீன் வைத்துத் தருகிறார்கள். அக்காவுக்கு மீன் இல்லாமல் தந்தார்கள். வெயில் அதிகம், அரை நாள்தான் இருந்தோம், சுருக்கமாகவே எழுதுவேன்.